பதினேழாவது அசைவு

கூடத்தை இரண்டாகப் பிரித்து ஒரு மஞ்சள் டேப் ஓடியது. டேப்புக்கு இந்தப் பக்கம் பாய், அந்தப் பக்கம் வெறும் பலகைத் தரை. பாய் உடும்புக்கு. பலகை அவளுடைய அக்கா கணவருக்கு. கீழே டயர் பழுது பார்க்கும் கடை. அங்கே காற்றடைக்கும் எந்திரம் ஓடத் தொடங்கினால் மாடி முழுக்க நடுங்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது அந்த நடுக்கம் மட்டும்தான்.

உடும்பு என்பது மல்யுத்தச் சங்கத்தில் அவளுக்கு வைத்த பெயர். அவள் ஒருவரைப் பிடித்துவிட்டால் பிரித்தெடுக்க நடுவர் மட்டும் போதாது, இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்பார்கள். அந்தப் பெயரில் அவளுக்கு வருத்தம் இல்லை. அத்தானுக்கு அவள் வைத்த பெயர் 'ஓரங்குலம்'. அதில் அவருக்கு வருத்தம் உண்டு.

அவர் முப்பது வருடமாகக் கராத்தே சொல்லிக்கொடுப்பவர். எவ்வளவு வேகமாகக் குத்தினாலும் எதிராளியின் மூக்குக்கு ஓர் அங்குலம் முன்னால் அவருடைய முஷ்டி நின்றுவிடும். நின்றது நின்றதுதான், மயிரிழை ஆடாது. மாணவர்கள் அதைப் பார்த்து மூச்சை உள்ளிழுப்பார்கள். உடும்பு ஒருமுறை தன் மாணவிகளிடம், "வாசல் வரைக்கும் ஓடி வந்துட்டு மணி அடிக்காமத் திரும்பிப் போற விருந்தாளி மாதிரி" என்றாள். டேப்பைத் தாண்டிச் செல்ல அந்தப் பேச்சுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசுவது நின்றுபோயிற்று. நடுவில் அக்கா இருந்தாள். எல்லாச் செய்தியும் அவள் வழியாகவே போய் வந்தது.

அப்படிப்பட்ட இருவரையும் சேர்ந்து உட்கார வைத்தது விளையாட்டுச் சங்கத்தின் புது விதி. இனி ஒரு கூடத்துக்கு ஒரு பாணி, ஒரு சான்றிதழ். சான்றிதழ் இல்லாத கூடத்திலிருந்து யாரும் போட்டிக்குப் போக முடியாது. போட்டி இல்லையென்றால் மாணவர்கள் இல்லை. மாணவர்கள் இல்லையென்றால் கட்டடக்காரர் கூடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார். இரண்டு கலை நடக்கும் கூடமானால், ஆறு மாதத்துக்குள் இரண்டையும் கலந்து முப்பது அசைவுகள் கொண்ட ஒரு பாணியை எழுதித் தர வேண்டும். அதை உருவாக்கியவர்களே தேர்வாளர்கள் முன்னால் மூன்று சுற்று மோதிக் காட்ட வேண்டும். பிறகு தேர்வாளர் எந்த அசைவைக் கேட்டாலும் மெதுவாகச் செய்து விளக்க வேண்டும்.

அத்தானுக்கு நகரத்தின் மறுகோடியில் இன்னொரு கூடத்தில் துணை ஆசிரியர் இடம் காத்திருந்தது. அங்கே போனால் கௌரவம் குறையுமே தவிர பிழைப்பு கெடாது. உடும்புக்கு அப்படி ஒன்றும் இல்லை. மற்ற மல்யுத்தக் கூடங்கள் எதிலும் பெண்களைச் சேர்ப்பதில்லை. இந்தப் பாயைச் சுருட்டினால் அவளும் அவளிடம் பழகும் பதினோரு பெண்களும் படியிறங்க வேண்டியதுதான். இறங்கியபின் அவளுக்குத் தெரிந்த ஒரே இடம் முன்பு வேலை பார்த்த பார்சல் கிடங்கு. அங்கேயும் பிடித்துத் தூக்கிப் போடுகிற வேலைதான். ஆனால் பெட்டிகள் திருப்பிப் பிடிப்பதில்லை.

"ரெண்டு பேரும் சேந்து எழுதுங்க" என்றாள் அக்கா. அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். யார் மேலும் அதிகம் பரிதாபப்படாத வேலை. "இல்லேன்னா ரெண்டு பேரும் வேலையில்லாம என் வீட்டுல உக்காந்து ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டு இருப்பீங்க. அதை என்னால பாக்க முடியாது."

முதல் சண்டை எப்படி நிற்பது என்பதிலேயே வந்தது. அவர் பக்கவாட்டில் நிமிர்ந்து, ஒரு காலை முன்னால் நீட்டி நிற்பவர். அவள் நேராக எதிர்கொண்டு, இடுப்பை மடித்து, தலையை முன்னால் கொடுத்து நிற்பவள்.

"குனியாதே. குனிஞ்சா முழங்கால் மூஞ்சியில வரும்" என்றார்.

"நீங்க காலை நீட்டாதீங்க, அத்தான். நீட்டினா வாரிடுவேன்."

"வாரு, பாக்கலாம்."

வாரினாள். பலகைத் தரை அதிர்ந்த சத்தத்தில் டயர்க்கடைக்காரர் கீழேயிருந்து, "மேல என்ன வெடிச்சுது?" என்று குரல் கொடுத்தார்.

"காத்துதான் போச்சு, அண்ணே" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள் உடும்பு. அத்தான் அதற்குப் பிறகு நான்கு நாள் வரவில்லை.

கடைசியில் ஒரு நிலையை ஒப்புக்கொண்டார்கள். பாதி நிமிர்ந்து, பாதி குனிந்து. இருவரும் அதில் நின்றபோது, நாற்காலியில் உட்காரப் போய் நடுவழியில் மனம் மாறியவர்களைப் போல இருந்தார்கள். அதில் அவருக்கு உதை வரவில்லை, அவளுக்குப் பாய்ச்சல் வரவில்லை. ஆனாலும் விளையாட்டுச் சங்கத்துக்குக் கொடுக்கும் படிவத்தில் அதுதான் முதல் அசைவு.

அடுத்தது காலணி. மல்யுத்தக்காரி காலணியோடு பயிற்சி செய்வாள், கராத்தேக்காரர் வெறுங்காலோடு. இரண்டாம் வாரத்தில் அவருடைய கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிற்று. வேண்டுமென்றே மிதித்தாள் என்றார். பார்க்கவில்லை என்றாள். "உன் கால் எங்க போகுதுன்னு உனக்கே தெரியாதா?" என்று கேட்டதற்கு, "நான் மேல பாத்து சண்டை போடுறவ. நகத்தைப் பாத்துக்கிட்டு இருக்க இது என்ன நகச்சாயம் பூசற கடையா?" என்றாள். காலணி போயிற்று. பதிலுக்கு அவருடைய வெள்ளைச் சட்டையின் விளிம்பைப் பிடிக்கலாம் என்று ஒரு விதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிடித்துப் பார்த்ததும், கைப்பிடி வைத்துத் தைத்த மனிதரை இத்தனை நாள் வீணாக விட்டிருந்தோமே என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு வாரத்தில் அவர் அந்த விதியையும் அடித்துவிட்டார்.

இப்படி ஒவ்வொன்றாக இழுபட்டு இருபத்தொன்பது அசைவுகள் தேறின. பதினேழு மட்டும் தேறவில்லை.

பதினேழு என்பது இரண்டு கலையும் ஒட்டுகிற இடம். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் குத்தும் உதையும். பின்னால் உள்ளதெல்லாம் பிடியும் வீழ்த்தலும். நடுவில் குத்து எப்படிப் பிடியாக மாறுகிறது என்பது இல்லையென்றால், ஒரே தாளில் இரண்டு பாணிகள் இருக்கின்றன என்று எந்தத் தேர்வாளரும் சொல்லிவிடுவார்.

அவர் குத்துவார். முஷ்டி ஓர் அங்குலத்தில் நிற்கும். அவள் நின்ற கையைப் பிடித்து இழுப்பாள். அவர் அசையமாட்டார். இரண்டாவது இழுப்பில் தள்ளாடுவார். மூன்றாவதில் திட்டத் தொடங்குவார்.

"இதெல்லாம் கணக்குலயே இல்ல. என் கை நின்ன உடனே சண்டை முடிஞ்சு போச்சு. நீ செத்துட்டே. செத்தவ கையைப் பிடிக்கக் கூடாது."

"செத்தவ பிடிச்சா விடமாட்டா, அத்தான்."

"குத்துறது எவனும் குத்துவான். நிறுத்துறதுதான் கலை."

"நிறுத்தின கை எனக்குச் சும்மா கிடைச்ச கை. யார் வேணாலும் பிடிப்பாங்க."

"அப்படின்னா பிடிச்சு விழவைக்க வேண்டியதுதானே? ஏன் கயிறு இழுக்கிற மாதிரி இழுத்துக்கிட்டே இருக்கே?"

அந்தக் கேள்விதான் அவளை மிகவும் எரிச்சல்படுத்தியது. நின்ற கை அவளுக்குச் சாதகமானது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஐந்து மாதமாக அந்தக் கை அவளுக்கு ஒருமுறைகூட ஒழுங்காக வரவில்லை. அவர் வேண்டுமென்றே விறைத்துக்கொள்கிறார் என்று அக்காவிடம் புகார் சொன்னாள். அவளுக்குப் பிடிக்கவே தெரியவில்லை என்று அவரும் அதே அக்காவிடம், அதே சமையலறையில், அதே நாள் மாலையில் சொன்னார்.

"என்கிட்ட வந்து சொல்லாதீங்க" என்றாள் அக்கா. "எலும்பு உடைஞ்சா வாங்க. அதுக்கு முன்னால எனக்கு உங்ககிட்ட எதுவும் பாக்கிறதுக்கு இல்ல."

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. கீழே கடை மூடியிருந்தது. மஞ்சள் டேப்பைப் பிய்த்துவிட்டுக் கூடம் முழுக்கப் பாயை விரித்திருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு மேசை, மூன்று நாற்காலி. நடுவில் தலைமைத் தேர்வாளர், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்த வயதான பெண்மணி. அவருக்கு ஒருபுறம் விசிலும் கடிகாரமும் வைத்திருந்தவர், மறுபுறம் எழுதுகிறவர். மாணவர்கள் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு பக்கமாகத்தான். அக்கா வாசலில் நின்றாள்.

படிவத்தின் நல்ல பிரதியை அத்தான் எழுதி எடுத்து வந்திருந்தார். மேசையில் வைக்கும் முன் உடும்பு அதை வாங்கிப் பார்த்தாள். 'தலைமை ஆசிரியர்' என்ற இடத்தில் அவர் பெயர். அதற்குக் கீழே 'துணை' என்று போட்டு அவள் பெயர். ஒவ்வொரு அசைவுக்கும் எதிரே, அதை உருவாக்கியவர் யார் என்ற கட்டத்தில், முப்பதில் இருபத்திரண்டுக்கு அவர் பெயர். பதினேழுக்கு எதிரே, 'குத்து நிறுத்தப்படும். பின்பு பிடி' என்று எழுதி அதிலும் அவர் பெயரைப் போட்டிருந்தார்.

"என்ன அத்தான் இது?"

"ஒருத்தர் பேர்தான் மேல வர முடியும்."

"என் பேரை எழுதக் கை வலிச்சுதா?"

"எழுதியிருக்கேனே. கீழ பாரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இது தேறலேன்னா நான் நாளைக்கே வேற கூடத்துக்குப் போயிடுவேன். நீ எங்க போவே? இலை ஓரத்துல ஊறுகாயா இருக்கிறதுக்குக் கசக்குதா?"

தேர்வாளர் அழைத்துவிட்டார்.

முதல் சுற்று ஒத்திகை பார்த்தபடியே போயிற்று. பிடிக்காத சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் ஒருவருக்கொருவர் வழிவிடுவதைப் போல அவர் ஒன்று செய்தார், அவள் காத்திருந்தாள். அவள் ஒன்று செய்தாள், அவர் காத்திருந்தார். பதினேழு வந்தபோது முஷ்டி நின்றது, அவள் பிடித்தாள், இழுத்தாள், இன்னொரு முறை இழுத்தாள். எழுதுகிறவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார். அது உடும்பின் கண்ணில் பட்டது.

இரண்டாம் சுற்று தொடங்கிய பத்தாவது நொடியில் அவள் அவரை வீழ்த்தினாள். படிவத்தில் உள்ள வீழ்த்தல்தான். ஆனால் ஒத்திகையில் மெதுவாக இறக்கி வைத்த இடத்தில் இப்போது போட்டாள். அவருடைய மாணவர்களின் வரிசையிலிருந்து ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

அத்தான் எழுந்தார். பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார். முகம் வெளுத்திருந்தது. முப்பது வருடத்தில் அவருடைய மாணவர்கள் பார்க்காத ஒன்றை, அவர் கண்ணில் அவள் பார்த்தாள். பார்த்த அதே நேரத்தில் குத்து வந்தது.

நிற்கவில்லை.

மேலுதடு பல்லில் நசுங்கியது. வலி வந்து சேருவதற்கு முன்பே அவள் கைகள் அவருடைய கையைச் சுற்றிவிட்டன. அந்தக் கை இன்னும் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே தோள் வந்தது, தோளின் பின்னால் முழு உடம்பும் வந்தது. அவள் இழுக்கவே இல்லை. வழியை மட்டும் கொஞ்சம் மாற்றினாள். மனிதர் தானாக அவள் தோளைத் தாண்டிப் போய்ப் பாயில் விழுந்தார். அவள் மேலே விழுந்து கழுத்தை வளைத்தாள். விசில் ஒலித்தது. இன்னொரு முறை ஒலித்தது. விசில்காரர் நாற்காலியை விட்டு எழுந்து வந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

வாசலில் அக்கா ஓர் அடி உள்ளே வைத்து நின்றுவிட்டாள்.

தலைமைத் தேர்வாளர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, படிவத்தில் விரலை ஓட்டினார். "இப்ப நடந்தது பதினேழுதானே?"

"ஆமாம்" என்றார் அத்தான், இருமிக்கொண்டே.

"நல்லா இருந்தது. எங்க குத்து முடியுது, எங்க பிடி ஆரம்பிக்குதுன்னே தெரியல. இதே வேலையை முதல் சுற்றில ஏன் செய்யல? சரி, மூணாவது சுற்று வேண்டாம். அதையே மெதுவா செஞ்சு காட்டுங்க."

செய்தார்கள். முஷ்டி ஓர் அங்குலத்தில் நின்றது. உடும்பு பிடித்தாள். கை அவர் உடம்போடு ஆணி அடித்ததுபோல இருந்தது.

"இது நான் பாத்தது இல்ல" என்றார் தேர்வாளர். "சண்டையில செஞ்சப்போ கை நின்னுச்சா?"

"நின்னுச்சு" என்றார் அத்தான். "நான் நிறுத்திட்டேன். அவ முகத்தைக் கொண்டுவந்து கொடுத்துட்டா."

"அப்படின்னா அது தற்செயல். தற்செயலுக்குச் சான்றிதழ் கிடையாது." தேர்வாளர் உடும்பின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. அவர் நிறுத்தினாரா?"

உடும்பு வாயைத் துடைத்துக்கொண்டாள். அத்தானின் மாணவர்கள் அவளையே பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். பழகும் இடத்தில் கையை நிறுத்தத் தவறிய ஒரு மாணவனை அவர் சென்ற வருடம் எல்லோர் முன்னாலும் பெல்ட்டைக் கழற்ற வைத்து அனுப்பியிருந்தார். நிறுத்தினார் என்று சொன்னால் அவர் மானம் காப்பாற்றப்படும், நாளைக்கு வேறு கூடத்துக்குத் தலை நிமிர்ந்து போவார். பாய் போய்விடும்.

அதைவிட இன்னொன்று அவள் வாயைக் கட்டியது. ஐந்து மாதமாக அவள் சொன்னதும் தப்பு. நின்ற கைக்குப் பின்னால் இரண்டு காலும் ஊன்றிய மனிதன் இருக்கிறான். அவனை இழுப்பது சுவரை இழுப்பது. ஓடுகிற கைதான் உடம்பைக் கூட்டிக்கொண்டு வருகிறது. அவள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்தை அவளே இப்போது அடித்துப்போட வேண்டும், அந்தப் பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே.

"நிறுத்தல" என்றாள். "ஓங்கித்தான் அடிச்சார். முழு பலத்தோட. அதனாலதான் பிடிக்க முடிஞ்சுது. நின்ன கையைப் பிடிச்சா ஆள் வரமாட்டான். நான் இத்தனை நாளா வரும்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அது தப்பு." நிறுத்தி, மூச்சு விட்டாள். "விசில் ஊதினதும் கேட்டுச்சு. நான் விடல. அதுவும் தெரிஞ்சேதான்."

"பொய்" என்றார் அத்தான்.

"உதட்டைப் பாருங்க."

"உனக்கு மூஞ்சியைக் காப்பாத்தத் தெரியல. அதுக்கு நான் என்ன பண்றது?"

வாசலிலிருந்து அக்கா பேசினாள். "தினமும் இருபது பேரைப் பாக்கிறேன். தானா போய் இடிச்சுக்கிட்டதுக்கும், அடிவாங்கினதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். எதுக்கு இங்க நிக்க வெச்சு என் வாயால சொல்ல வைக்கிறீங்க?"

அத்தான் மனைவியைப் பார்க்கவில்லை. தன் முஷ்டியைத்தான் பார்த்தார். நடுவிரல் முட்டியில் பல் பட்டுத் தோல் கிழிந்திருந்தது.

"இங்க பாருங்க" என்றார் தேர்வாளர், கொஞ்சம் சலிப்போடு. "நீங்க கோபத்துல செஞ்சீங்களா, நிதானத்துல செஞ்சீங்களான்னு எனக்குக் கவலை இல்ல. குத்து நிக்காம உள்ளே போகுது, அதுல ஆளைச் சாய்க்கிறாங்க. பழகும்போது உறையும் தலைக்கவசமும் போட்டுக்கிட்டா அது அசைவு. நிறுத்தினேன்னு சொன்னா அசைவு இல்ல, பாணியும் இல்ல. எதை எழுதறது?"

கிழிந்த முட்டியை மறு கையால் மூடிக்கொண்டு அத்தான் சொன்னார்: "நிறுத்தாததுன்னு எழுதுங்க. ஆனா என் பேர்ல எழுதாதீங்க. அப்படி ஒரு குத்தை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவும் மாட்டேன்."

"அப்ப யார் பேர்ல?"

அவர் மோவாயால் உடும்பைக் காட்டினார். ஆளைக் காட்டுவதற்கு விரலைக்கூட எடுக்கவில்லை.

எழுதுகிறவர் அவர் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினார். குத்துவது என்றால் என்னவென்றே தெரியாத மல்யுத்தக்காரியின் பெயரில் ஒரு குத்து பதிவாயிற்று. சொல்லிக்கொடுக்க வேண்டியவரும் அவளே என்று அடுத்த கட்டத்தில் எழுதினார்கள். 'துணை' என்ற சொல் அப்படியே இருந்தது. அதை மாற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கு மட்டும் தோன்றியது. இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் சான்றிதழ் வந்தது. அதற்கு அடுத்த நாள் வகுப்பு. அத்தான் வந்தார். அவளைப் பார்க்கவில்லை. கூடத்தின் மூலையில் தன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, முதல் அசைவிலிருந்து பதினாறு வரை சொல்லிக்கொடுத்தார். பதினாறு முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"பதினேழு?" என்று கேட்டான் முன்வரிசையில் நின்ற வங்கிக் காவலாளி.

"அங்க போய்க் கேளு."

வரிசை முழுக்க உடும்பைப் பார்த்தது. அவள் கைக்கு உறை மாட்டினாள். அவளிடம் பழகும், பஸ் ஓட்டுகிற டிரைவர் அம்மா இரண்டு கையாலும் குத்துத் திண்டை மார்புக்கு நேரே பிடித்து நின்றாள்.

"நிறுத்தக் கூடாது" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னாள் உடும்பு. "இவ்வளவுதான் விஷயம்." குத்தினாள். திண்டு கொஞ்சம் ஆடியது. முழங்கை வரை வலி ஓடியது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மறுபடி குத்தினாள். இந்தமுறை திண்டுகூட ஆடவில்லை.

"என்னக்கா, தட்டிக் கொடுக்கிறீங்களா?" என்றாள் டிரைவர் அம்மா, பாவம், உதவியாகத்தான்.

சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. தேர்வுக்குப் பிறகு அத்தான் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

"மணிக்கட்டு மடங்குது. இன்னும் நாலு குத்து, உடைஞ்சுடும்." கொஞ்சம் நிறுத்தினார். "உடையட்டும்."

உடும்பு திரும்பவில்லை. மணிக்கட்டைப் பார்த்தாள். உண்மைதான், உள்பக்கமாக மடங்கியிருந்தது. முன்கையோடு ஒரே கோட்டில் வரும்படி அதை நிமிர்த்தினாள்.

"பின்னங்காலை அங்க எதுக்கு விட்டு வெச்சிருக்கா? வாடகைக்கா?" என்றார் அவர், பக்கத்திலிருந்த காவலாளியிடம், கூடம் முழுக்கக் கேட்கிற குரலில். "கையால குத்துறாளாம். பாத்துக்கோங்க, குத்து எப்படி வரக் கூடாதுன்னு."

அவள் பின்னங்காலை ஊன்றித் தள்ளினாள். திண்டோடு சேர்ந்து டிரைவர் அம்மா இரண்டடி பின்னால் போனாள்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கீழே எந்திரம் ஓடத் தொடங்கியது.

"இன்னும் என்ன தப்பு, சொல்லுங்க அத்தான்" என்றாள் உடும்பு, உறையைப் பல்லால் இறுக்கிக்கொண்டே. "திட்டுறதை ஏன் பாதியில நிறுத்தறீங்க?"